மூன்றாவது மாடியில் ஒரே அடுப்பு

மார்ச் 3

சின்னவளுக்கு,

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ ஆபீஸ் குரலில் பேசுகிறாய். "பார்க்கலாம் அண்ணி, கேட்டுச் சொல்றேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். காகிதமென்றால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும். நடுவில் இன்னொரு கால் வருகிறது என்று தப்பிக்க முடியாது.

நேற்று நம் கட்டட வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டுவசதித் துறை கட்டிக்கொண்டிருக்கிறதே, தடித்த சுவர், மாடியில் சூரியத் தகடு, மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டி என்று, அதில் யாருக்கெல்லாம் வீடு என்ற பட்டியல். இந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதில் எங்களுக்கு வருத்தமில்லை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. எப்போது கிளம்புவோம் என்றுதான் எல்லோரும் மூட்டை கட்டாத குறையாக உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் மாடி சரியாக இருந்தது. இரண்டாவது மாடியும் சரி. மூன்றாவது மாடிக்கு மட்டும் இப்படி: அடுப்பு ஒன்று, குடும்பம் ஒன்று, வீடு ஒன்று. குடும்பத் தலைவர் என்று உன் அண்ணன் பெயர். இங்கே இருக்கும் ஏழு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வீடாம். உன் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "எனக்கே தெரியாம இவ்வளவு பெரிய குடும்பமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியும். கணக்கெடுக்க வந்தவர் மதியம் வந்தார். பசித்த முகம். நான்தான் கூப்பிட்டு, கூட்டுச் சமையலறையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். "இந்த மாடியில எத்தனை அடுப்பும்மா?" என்று கேட்டார். பெருமை பொங்க, "ஒண்ணே ஒண்ணுதான் சார்!" என்றேன். என் வாய் இருக்கிறதே!

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். எங்கள் அடுப்புகளை யார் வாங்கிக்கொண்டு போனது? இந்தத் துறைக்கு வருமுன், எரிபொருள் சேமிப்புத் துறையில் நீ புதிதாகச் சேர்ந்த காலத்தில், நம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஆளுக்கொரு அடுப்பு எதுக்கு அண்ணி? மாடியில சூரிய வெப்பத்துல நீராவி எடுத்து, எல்லாருக்கும் ஒரே இடத்துல சமைக்கலாம். கரியும் இல்ல, புகையும் இல்ல" என்று சொன்னது யார்? அரசாங்கம் நீராவி அடுப்பு தந்தது, நாங்கள் எங்கள் அடுப்பை லாரியில் ஏற்றிவிட்டோம். உன் பேச்சை நம்பித்தான்.

எதிர்வீட்டு நர்ஸ் இன்று என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். வீடு எங்கள் பெயரில் இருக்கிறதாம், நாங்கள்தான் ஏதோ செய்துவிட்டோமாம். உடனே எழுது.

உன் அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு,

கடைசி வரி வரை படித்தேன். இரண்டு முறை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பை எண்ணிக் குடும்பத்தை எண்ண வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது நான்தான். அது நல்ல விதி, அண்ணி. இதற்கு முன்னால் இன்னொரு ஊரில் வீடு கொடுத்தபோது, ஒரே அறையில் இரண்டு திரையைத் தொங்கவிட்டு மூன்று குடும்பம் என்று காட்டி மூன்று வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். உண்மையாகவே வீடில்லாத ஒரு பெண் கைக்குழந்தையோடு பஸ் நிறுத்தத்தில் படுத்திருந்தாள். அவளிடம் "வீடு தீர்ந்துபோச்சு" என்று சொன்ன வாய் என்னுடையது. திரையை ஒரே நாளில் மாட்டலாம், அடுப்பு வைத்துச் சமைத்துப் புழங்கிய இடத்தை ஒரே நாளில் உண்டாக்க முடியாது. அதனால்தான் அடுப்பு.

உங்கள் சமையலறையை எப்படி மறந்தாய் என்று கேட்பீர்கள். கூட்டுச் சமையல் திட்டம் எல்லா இடத்திலும் படுத்துவிட்டது, அண்ணி. யார் பாத்திரம் கழுவுவது, யாருக்கு அதிகம் போட்டார்கள் என்று சண்டை வந்து, ஆறே மாதத்தில் அவரவர் தனி அடுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். துறையில் அந்தக் கோப்பையே மூடியாயிற்று. மாநிலத்திலேயே உங்கள் மாடியில் மட்டும்தான் அது இன்னும் நடக்கிறது. நன்றாக நடத்தியதற்காக நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மறு ஆய்வு கேட்டு மனுப் போடுங்கள். மற்ற ஆறு வீட்டாரும் கையெழுத்துப் போடட்டும். ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மின்சார அடுப்பு இருந்தால் நல்லது. உண்மையில் ஏழு குடும்பம்தானே, இதில் பொய் எதுவும் இல்லை. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, ஆய்வுக்கு வருபவரிடம் என் பெயரையே எடுக்க வேண்டாம்.

அண்ணனுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தண்ணீர் பம்பைப் பார்க்க இன்னும் அவரேதான் நான்கு மாடி ஏறி இறங்குகிறாரா?

சின்னவள்

*

மார்ச் 15

சின்னவளுக்கு,

உன் அண்ணன் முட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. அவர் பம்பைப் பற்றி மட்டும்தான் கவலைப்படுகிறார், முட்டி அவருக்கு நினைவே இல்லை.

நீ சொன்னதை நீ சொன்னதாகச் சொல்லாமல் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து இந்த மாடியில் நிம்மதி போயிற்று. டெய்லர் மட்டும் துள்ளிக் குதித்தார். அவருக்கு ஒரு பாத்திரக் கடைக்காரர் பழக்கம். "நாலு நாள் வச்சிட்டுத் திருப்பித் தர்றோம்னு கேட்டா கொடுப்பான்" என்று கிளம்பிப் போய் ஆறு மின்சார அடுப்போடு வந்தார். அன்று சாயங்காலமே எல்லோரும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில். இந்தக் கட்டடத்து ஒயர் தாங்குமா? மாடி முழுக்க இருட்டு. உன் அண்ணன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பியூஸ் போட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தனி அடுப்பு கைக்கு வந்ததும் தனிப் பேச்சும் வந்துவிட்டது. கண்டக்டர் வீட்டம்மா, "இத்தனை நாளா உப்புக் கம்மியாவே தின்னோம், இனிமே எங்க இஷ்டத்துக்குச் சமைப்போம்" என்கிறாள். உப்பைக் குறைத்தது அவள் மாமனாரின் இரத்தக் கொதிப்புக்காக! நர்ஸ் என்னிடம் நேராகவே கேட்டாள்: "உங்களுக்கென்னக்கா, வீடு ஏற்கெனவே உங்க பேர்ல இருக்கு. எங்களுக்குக் கிடைக்கலைன்னா உங்களுக்கு நஷ்டமா?" ஆஸ்பத்திரி வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் அவள் பங்கை ஆறாமல் மூடி வைத்தது இந்தக் கைதான். பதில் வாயில் வந்துவிட்டது, விழுங்கினேன்.

நான் எங்கள் வீட்டில் அடுப்பு வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். எங்கள் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. ஆய்வுக்காக என்று பிரித்ததை ஆய்வு முடிந்ததும் சேர்க்க முடியாது, சின்னவளே. இன்று சமையலறைக்கு மூன்று வீட்டிலிருந்துதான் பாத்திரம் வந்தது.

இன்னொன்று. போன வாரம் நீ ஆபீஸ் ஜீப்பில் வந்து, கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்று புதுக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். டெய்லர் பார்த்திருக்கிறார். பாலத்தைத் தாண்டினால் நம் வாசல். வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போக உனக்கு என்ன வந்தது? உன் அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒன்றும் பேசமாட்டார், பம்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அண்ணி

*

மார்ச் 20

அண்ணி,

நானும் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரக்கூடாது என்று இருக்கிறதா எனக்கு? உறவுக்காரர் குடியிருக்கும் கட்டடத்தின் கோப்பை அந்த அதிகாரி தொடக்கூடாது. இது எங்கள் துறையில் கண்டிப்பான விதி. என் சொந்த அண்ணன் அந்த மூன்றாவது மாடியில் இருக்கிறார் என்று நான் இங்கே யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் நாளே என்னை நகர்த்தியிருப்பார்கள். அந்தக் கட்டடம் இன்னும் நான்கு வருடம் அப்படியே ஊறிக்கொண்டு நின்றிருக்கும். மேலே மேலே போய், கரடியாகக் கத்தி, அதை முதல் பட்டியலில் சேர்த்தவள் நான். அதற்கு விலையாக உங்கள் வாசலை மிதிக்க முடியாமல் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். மேலே நம் சன்னல் தெரிந்தது. நீங்கள் பச்சைத் துண்டு காயப்போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், போதுமா?

கடையிலிருந்து இரவல் அடுப்பா? நான் சொன்னது வாங்கி வைத்துப் புழங்கச் சொல்லி. டெய்லரை யார் இதில் இறங்கச் சொன்னது? சரி, ஆனது ஆகட்டும். ஆய்வு இருபத்தைந்தாம் தேதி. வருகிறவர் நல்ல மனிதர், ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கட்டும்.

நீங்களும் ஒன்று வையுங்கள். பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது? உங்கள் கூட்டுச் சமையலறை எனக்கும்தான் பெருமை. ஆனால் சமையலறையைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டை விட்டுவிட முடியுமா? எத்தனை ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று என்று உங்களுக்குத் தெரியாது.

சின்னவள்

*

மார்ச் 26

சின்னவளே,

கெட்டுப்போயிற்று. எல்லாம் கெட்டுப்போயிற்று.

நேற்றுக் காலையிலேயே ஆய்வுக்காரர் வந்துவிட்டார். நரைத்த மீசை, சத்தமில்லாத செருப்பு. முதலில் டெய்லர் வீடு. அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. டெய்லர் முகத்தில் அப்படி ஒரு களை. வந்தவர் குனிந்து பார்த்தார். அடுப்பின் உடம்பு முழுக்கக் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. மேலே சூடாகிற வட்டத்தை மட்டும் கத்தரிக்கோலால் அழகாக வெட்டி எடுத்திருக்கிறார் டெய்லர். அவருக்கு வெட்டுவது கைவந்த கலையாயிற்றே! உறை கிழிந்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார் என்று, ஆறு அடுப்புக்கும் அப்படியே வெட்டிக் கொடுத்திருக்கிறார். நான் யார் வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்கவில்லை, கோபத்தில் இருந்தேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வீடு விடாமல் பார்த்தார். ஆறிலும் அதே வட்டம். கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"இப்படி வைக்கச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் நான்தானே அவர்களிடம் சொன்னேன். எனக்கு யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது.

"நான்தான் சார்" என்றேன்.

"உங்க வீட்டுல அடுப்பு இல்லையே?"

"இல்லீங்க. எங்க அடுப்பு அதோ, அந்தச் சமையலறையில இருக்கு. ஏழு வீட்டுக்கும் அதுதான்."

"அப்போ ஏழும் ஒரே குடும்பம்தானேம்மா. நீங்களே சொல்றீங்க" என்று எழுதிக்கொண்டார். நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஆறு மனுவும் மோசடியாம். இனி இந்தத் திட்டத்தில் அவர்கள் எப்போதும் மனுப் போட முடியாதாம். எங்களுக்கு ஒதுக்கிய வீடு மட்டும் அப்படியே இருக்குமாம்.

கண்டக்டர் வீட்டம்மா என்னைப் பார்த்து, "திட்டம் போட்டுத்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். நர்ஸ் தன் வீட்டு மின்சார அடுப்பை எடுத்துக்கொண்டுபோய் டெய்லர் வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரிய அடுப்பில் எல்லோருக்குமாகச் சமைத்தேன். யாரும் வரவில்லை. நானும் உன் அண்ணனும் சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. ஏதாவது செய். நீ சொல்லித்தானே செய்தோம்? ஏதாவது செய்.

அண்ணி

*

மார்ச் 31

அண்ணி,

அறிக்கை என் மேசைக்கு வந்தது. "மூன்றாவது மாடியில் வசிக்கும் பெண்மணி ஒருவரின் தூண்டுதலால்" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை விரலால் மூடிக்கொண்டு மற்றதைப் படித்தேன்.

ஒரு வழி இருக்கிறது. ஒதுக்கீட்டுக் குழு பத்தாம் தேதி கூடுகிறது. அந்த மாடியில் ஏழு குடும்பங்கள் தனித்தனியாக இருக்கின்றன என்று, நேரில் தெரிந்த அரசு அதிகாரி ஒருவர் எழுந்து நின்று வாக்குமூலம் கொடுத்தால், மோசடி என்ற முடிவை நிறுத்தலாம். அப்படித் தெரிந்த அதிகாரி இந்த மாநிலத்தில் ஒருத்திதான். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் அண்ணன் அங்கே இருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும்.

என்னை என்ன செய்வார்கள் என்பதை விடுங்கள். அதை எழுத நான் உட்காரவில்லை. நான் சொல்லும் வாக்குமூலம் அந்த ஆறு குடும்பத்துக்குச் செல்லும். உறவினருக்குச் செல்லாது. அதோடு, அதிகாரியின் சொந்தக்காரர் என்று தெரிந்த உடனே உங்கள் ஒதுக்கீட்டை நிறுத்திவைப்பார்கள். தனி விசாரணை என்பார்கள். எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு வரலாம், வராமலும் போகலாம்.

நான் வாயைத் திறக்காவிட்டால் உங்களுக்கு வீடு இருக்கிறது. ஜூன் மாதம் சாவி கொடுப்பார்கள். திறந்தால் அவர்களுக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. இப்படியும் அப்படியும் நூறு முறை யோசித்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அண்ணனிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வாயை மூடிக்கொள்கிறேன். ஒரு வார்த்தை தப்பாக நினைக்க மாட்டேன்.

சின்னவள்

*

ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இதைச் செய்வதற்குக்கூடக் கேட்பாயா? நீயே செய்துவிட்டு வந்து சொல்லியிருந்தால் நான்கு நாள் திட்டித் தீர்த்துவிட்டு விட்டிருப்பேன். இப்போது என் கையாலேயே எழுதவைக்கிறாய்.

உனக்குத் தெரியாது, நான் அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டேன். காவலுக்கு இருப்பவரிடம் கெஞ்சி உள்ளே போனேன். சன்னல் பெரிது. சுவர் காய்ந்திருக்கிறது, சின்னவளே. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், ஈரமே இல்லை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்தவள். அந்த வீடு எனக்கு வேண்டும். எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொள்கிற பெரிய மனசெல்லாம் எனக்கு இல்லை. நேற்று முழுக்க, இவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்களே, படட்டும் என்றுகூட நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். எழுந்து பம்பைப் பார்க்கப் போனார். இருட்டுகிற வரை வரவில்லை. வந்து கை கழுவிக்கொண்டே, "அந்த வீட்டுல போய் உக்காந்துட்டா, இவங்க மூஞ்சிய எங்க பாக்குறது? அந்தச் சன்னலத் தொறந்தா இந்தக் கட்டடந்தானே தெரியும்" என்றார். பிறகு, "சொல்லச் சொல்லு. சின்னவ வேலைக்கு ஏதும் ஆகாதில்ல?" என்று கேட்டார். நான் ஆகாது என்று பொய் சொன்னேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. போய்ச் சொல். அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்து நிற்காதே. சொல்வதைத் தெளிவாகச் சொல்.

அண்ணி

*

ஏப்ரல் 13

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன்.

நீளமான மேசை, ஆறேழு பேர். "மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பம்ப் மெக்கானிக் என் உடன்பிறந்த அண்ணன்" என்று ஆரம்பித்தேன். ஒருவர் பேனாவை மூடினார். தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத்தனை மாசமா இத ஏன் சொல்லல?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி, மேல சொல்லுங்க" என்றார்.

கூட்டுச் சமையல் என்றதும் சிரித்தார்கள். "அது எங்கேயும் நடக்கலையேம்மா? பேப்பர்ல மட்டும்தானே நடந்துச்சு" என்றார் நரைத்த மீசைக்காரர். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க பார்த்த பெரிய அடுப்புதான் சார் அது" என்றேன். அப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. நீங்கள் போட்ட முதல் சட்டத்தைச் சொன்னேன்: சமைப்பது ஒன்றாக, சாப்பிடுவது அவரவர் வீட்டில். மற்ற ஊர்களில் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள், யாருக்கு எவ்வளவு என்று எல்லோர் கண்ணும் எல்லோர் தட்டிலும் இருந்தது, சண்டை வந்தது. நீங்கள் அப்படி விடவில்லை. ஏழு தூக்குப் பாத்திரம், ஏழு மூடி. அவரவர் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், உள்ளே யார் எவ்வளவு தின்றார்கள் என்று இன்னொருவருக்குத் தெரியாது. அதனால்தான் இது நிலைத்தது. கணக்கெடுக்க வந்தவருக்கு நீங்கள் விருந்தாளி என்று சமையலறையிலேயே போட்டீர்கள். அவர் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"ஏழு கதவு சார். ஏழு பாத்திரம் ஏழு கதவுக்குள்ள போகுது. அடுப்ப எண்ணச் சொன்னது நான். அந்த மாடிக்கு அது பொருந்தல" என்றேன். ஆபீஸ் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மீசைக்காரர் தன் அறிக்கையை இழுத்துப் புரட்டினார். பிறகு அவரே, "அந்த அம்மா ஏதோ சொல்ல வந்தாங்க. நான் கேக்கல" என்றார். விதியில் ஒரு வரி சேர்த்தார்கள்: அரசுத் திட்டத்தில் கூட்டுச் சமையல் நடக்கும் இடத்தில் அடுப்பைக் கணக்கில் எடுக்கக்கூடாது, குடியிருக்கும் வீட்டை எண்ண வேண்டும். ஆறு மனுவும் ஏற்கப்பட்டது. மோசடி என்ற சொல்லை அடித்துவிட்டார்கள்.

உங்களுடையதை நிறுத்திவைத்துவிட்டார்கள். நான் சொன்னபடியேதான். நான் எழுந்து வெளியே வந்தபோது அந்தத் தாள் மட்டும் மேசையின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

என்னைப் பழைய கோப்புகள் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலை போகவில்லை, அண்ணனிடம் சொல்லுங்கள். சன்னல் இல்லாத அறை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் திட்டுவீர்கள்.

சின்னவள்

*

ஜூன் 19

சின்னவளுக்கு,

திட்டத்தான் செய்வேன். மன்னிப்பாம், மன்னிப்பு.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. தலைக்கு மேல் வேலை. ஒவ்வொரு வீடாகக் காலி செய்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நான்தான் பாத்திரம் கட்டினேன், உன் அண்ணன்தான் கட்டிலைக் கழற்றினார். எங்களுக்கு மட்டும் வீடு இல்லை என்று தெரிந்த நாளில் கண்டக்டர் வீட்டம்மா வந்து வாசலில் நின்றாள். "வாயில வந்ததப் பேசிட்டேன்" என்றாள். "எனக்கும் வாய் உண்டு, உள்ளே வா" என்றேன்.

நர்ஸ்தான் படுத்திவிட்டாள். வண்டியில் சாமான் ஏற்றியாயிற்று. இவள் படியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க வராம நான் போக மாட்டேங்க்கா" என்று அழுகிறாள். "எழுந்திருடி! வீடு கிடைச்ச நாள்ல அழுதுட்டுப் போவியா? போய் அந்தச் சுவத்துல கன்னத்த வச்சுப் பாரு, அப்புறம் வந்து அழு" என்று துரத்தினேன். சாயங்காலம் போன் செய்தாள். "வச்சுப் பாத்தேங்க்கா" என்றாள்.

இப்போது இந்த மாடியில் நாங்கள் இரண்டு பேர். கட்டடத்தின் அந்தக் கோடியில் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பகல் முழுக்கத் தூசி. விசாரணை முடிகிற வரை எங்களைக் கிளப்பக்கூடாது என்று உத்தரவு இருக்கிறதாம். அதனால் அவர்கள் எங்களைச் சுற்றிச் சுற்றி இடிக்கிறார்கள். உன் அண்ணன் யாருக்கும் தண்ணீர் தேவையில்லை என்று தெரிந்தும் பம்பை ஓடவிடுகிறார். நான் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் ஏழு வீட்டையும் பெருக்கிவிட்டு வருகிறேன். இடிக்கப்போகிற வீட்டை யாராவது பெருக்குவார்களா?

இரண்டு பேருக்கு அளந்து சமைக்க எனக்குக் கை வரவில்லை. தினமும் மிஞ்சுகிறது. இடிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். நம் கூரையை இடிக்கப் போகிறவர்கள் நம் சமையலைப் புகழ்கிறார்கள். என்ன செய்வது, பசிக்கிறது அவர்களுக்கு.

நேற்று தபால் வந்தது. விசாரணை வரும் வியாழக்கிழமை. வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம். எத்தனை நாளாகக் குடியிருக்கிறோம், யார் யார், என்ன உறவு என்று கேட்பார்களாம். உன் அண்ணனுக்குப் பேச வராது. எனக்குப் பேச வரும், ஆனால் பேசினால் என்ன ஆகும் என்று நீயே பார்த்துவிட்டாய். அதிகாரியாக உன்னைக் கூப்பிடவில்லை. நீ சொல்வது எங்களுக்குச் செல்லாது என்று தெரியும். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். புதன்கிழமையே வந்துவிடு, பாலத்தைத் தாண்டி நேராக மேலே வா. என் பக்கத்தில் உட்கார்ந்துகொள், என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

உன் அண்ணி